அமெரிக்காவின் ஆதிப் பொற்காசுகள்

நாணயம் என்னும் சொல்லுக்கு நம் மொழியில் இரு பொருள் உண்டு. கையில் புழங்கும் காசும் நாணயம். சொன்ன சொல் தவறாத நேர்மையும் நாணயம். இவ்விரண்டையும் ஒரே சொல்லால் குறித்த நம் முன்னோர், காசின் மதிப்பு அதனை வெளியிடுவோரின் நேர்மையில்தான் நிற்கிறது என்பதை நன்குணர்ந்திருந்தனர் போலும். கடல் கடந்த நாடு ஒன்று புதிதாக விடுதலை பெற்று, தன் பெயரால் முதன்முதலாகப் பொற்காசு அடித்த வரலாற்றைப் படிக்கும்போதெல்லாம் இவ்விரு பொருளும் நம் நினைவில் ஒருங்கே எழுகின்றன.

அமெரிக்க ஐக்கிய நாடுகள் 1795 முதல் 1834 வரை அடித்து வெளியிட்ட பொற்காசுகளையே இங்குக் குறிப்பிடுகிறோம். இன்று உலகெங்கும் நாணயம் சேகரிப்போர் மிகுந்த ஆவலுடன் தேடும் பொருள்களுள் இவையும் அடங்கும். மாதச் சம்பளம் வாங்கும் எழுத்தர் ஒருவர் இவற்றுள் ஒன்றையேனும் வாங்குதல் எளிதன்று. ஆயினும் இவற்றைப் பற்றி அறிந்துகொள்ளப் பொருட்செல்வம் வேண்டுவதில்லை. அறிந்துகொள்வதால் நம் இல்லங்களுக்கு விளையும் பயனும் சிறிதன்று. அப்பயன் யாது என்பதை நேயர்கள் இக்கட்டுரையின் பிற்பகுதியில் காண்பர்.

சட்டமும் கழுகும்

1792 ஏப்ரல் 2ஆம் நாள் அமெரிக்கக் காங்கிரஸ் நாணயச் சட்டம் ஒன்றை இயற்றியது. அப்போது தலைநகராக விளங்கிய பிலடெல்பியாவில் நாணயச் சாலை அமைக்க அச்சட்டமே வழி செய்தது. 10 டாலர் மதிப்புள்ள பொற்காசுக்கு ‘ஈகிள்’, அதாவது கழுகு, என்று பெயரிட்டனர். 5 டாலர் காசு அரைக் கழுகு. இரண்டரை டாலர் காசு கால் கழுகு. கழுகின் எடை 17.5 கிராம், அரைக் கழுகு 8.75 கிராம், கால் கழுகு 4.37 கிராம். பன்னிரண்டு பங்கில் பதினொரு பங்கு பொன்னாகவும், எஞ்சிய ஒரு பங்கு வெள்ளியும் செம்புமாகவும் இருத்தல் வேண்டும் என்பது விதி.

பன்னிரண்டில் பதினொன்று என்பது 22 காரட் தரமே. நம் வீட்டுப் பெண்டிர் ‘பவுன்’ என்று வழங்கும் ஆங்கிலச் சவரனும் இதே தரத்ததுதான். சவரனின் எடை 7.98 கிராம். ஆகவே அமெரிக்க அரைக் கழுகு ஒன்றை உள்ளங்கையில் வைத்தால், நம் பாட்டிமார் முடிந்து வைத்திருந்த பவுனைக் காட்டிலும் முக்கால் கிராம் அளவே கூடுதலாக இருக்கும். ‘டாலர்’ என்னும் சொல்லையும் நம்மவர் சங்கிலியில் கோத்த பதக்கத்துக்குப் பெயராக்கிக் கொண்டனர் அன்றோ? எனவே நேயர்களுக்கு இக்காசுகள் முற்றிலும் அயலானவை அல்ல.

அச்சட்டத்தில் வியப்பூட்டும் பிரிவு ஒன்று உண்டு. நாணயச் சாலையில் பணிபுரிவோர் எவரேனும் மோசடி நோக்கத்துடன் பொன், வெள்ளிக் காசுகளின் தரத்தையோ எடையையோ குறைத்தாலும், தம் பொறுப்பிலுள்ள பொன்னைக் கையாடினாலும் அவர்களுக்கு மரண தண்டனை என்று அது விதித்தது. புதிய அரசு தன் காசின் நாணயத்தை எத்துணை உயர்வாக மதித்தது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

இத்துடன் மற்றொரு தடையும் இருந்தது. தலைமைக் காசு அடிப்பவரும், பொன்னின் தரம் ஆய்பவரும் தலைக்கு 10,000 டாலர் பிணை கட்டினாலன்றிப் பொன்னையோ வெள்ளியையோ தொடக் கூடாது என்றிருந்தது. அந்நாளில் அவ்வளவு பெருந்தொகையைப் பிணையாகத் தர அவர்களால் இயலவில்லை. ரொக்கம் கையாளும் பணியில் சேர்வோர் பிணை எழுதிக் கொடுக்கும் வழக்கத்தை நம் ரயில்வே நண்பர்கள் அறிவர்; ஆதலால் அவ்வலுவலர்களின் இக்கட்டை அவர்கள் எளிதில் உணர்வர். முதல் தலைவராயிருந்த வானியல் அறிஞர் டேவிட் ரிட்டன்ஹவுஸ் காலத்தில் செப்புக் காசுகள் மட்டுமே முதலில் வெளிவந்தன. 1794இல் காங்கிரஸ் பிணைத்தொகையைக் குறைத்த பின்னரே வெள்ளி டாலர் பிறந்தது. அடுத்து வந்த தலைவர் ஹென்றி வில்லியம் டி சாசூர் சில மாதங்களே பதவியில் இருந்தார். ஆயினும் பொற்காசைப் புழக்கத்துக்குக் கொணர்ந்த பெருமை அவருக்கே உரியது. 1795 ஜூலை 31ஆம் நாள் 744 அரைக் கழுகுகள் நாணயச் சாலையிலிருந்து வெளிவந்தன. அவையே அமெரிக்க அரசின் முதற் பொற்காசுகள். செப்டம்பரில் முழுக் கழுகுகள் தொடர்ந்தன. மறு ஆண்டு கால் கழுகுகள் வந்தன.

அக்காலத்தில் நம் சென்னையில் வராகன், பணம், காசு என்ற கணக்கே நடந்து வந்தது. தங்கசாலைத் தெருவின் பெயர் இன்றும் நாணயம் அடித்த தொழிலை நினைவூட்டுகிறது. அங்கு வராகன் கணக்கு 1818 வரை நீடித்தது என்பதையும் ஒப்புநோக்குக.

கையால் பிறந்த காசுகள்

இன்றைய காசுகள் ஒன்றுபோல் மற்றொன்று இருக்கும். பிலடெல்பியாவின் ஆதிக் காசுகளோ அவ்வாறல்ல. தகடு இழுக்கும் உருளைகளைக் குதிரைகள் சுற்றின. திருகு அச்சினை ஆட்கள் இழுத்துச் சுழற்றினர். நீராவி இயந்திரம் நாணயச் சாலைக்குள் புகுந்தது 1816இல். காசு அடிக்கவே நீராவி பயன்பட்டது 1836இல்.

அச்சு முத்திரைகளைச் செதுக்கியவர் ராபர்ட் ஸ்காட். காசின் முகப்பில் தொப்பி அணிந்த சுதந்திர தேவியின் தலை. பின்புறத்தில் பனையோலைக் கிளைமேல் நின்று, அலகில் மலர் வளையம் ஏந்திய சிறு கழுகு. சில ஆண்டுகளில் அச்சிறு கழுகு மறைந்து, மார்பில் கேடயம் தாங்கிச் சிறகு விரித்த பெருங்கழுகு இடம்பெற்றது. எழுத்துகளையும் எண்களையும் விண்மீன்களையும் தனித்தனி உளிமுத்திரைகளால் ஒவ்வொன்றாக எஃகில் அடித்துப் பதித்தனர். அதனால் ஓர் அச்சில் உள்ள விண்மீன் மற்றோர் அச்சில் சற்றே விலகி நிற்கும். ஓர் எண் சாய்ந்திருக்கும். இலைகளின் எண்ணிக்கையும் மாறும். 1795ஆம் ஆண்டுக் கழுகுகளுள் கிளையில் 13 இலைகள் கொண்டவையும் உண்டு. 9 இலைகள் மட்டுமே கொண்டவையும் உண்டு. பின்னவை மிக அரியவை.

விண்மீன்களிலும் ஒரு வரலாறு அடங்கியுள்ளது. 1795இல் மாநிலங்கள் 15. காசிலும் 15 விண்மீன்கள். 1796இல் டென்னசி சேர்ந்ததும் 16 ஆயின. மாநிலங்கள் பெருகப் பெருக விண்மீன்களுக்கு இடம் ஏது? ஆகவே ஆதி மாநிலங்கள் பதின்மூன்றையே குறிக்கும்படி 13 விண்மீன்களோடு நிறுத்திக்கொண்டனர்.

எடை பார்ப்பது தனியொரு பணி. தகட்டிலிருந்து வெட்டிய வில்லைகளை ஒவ்வொன்றாகத் தராசில் இட்டனர். குறைந்தவற்றை மீண்டும் உருக்கினர். மிகுந்தவற்றை அரத்தால் தேய்த்துச் சரிசெய்தனர். 1795இல் இப்பணிக்கு இரு பெண்மணிகள் அமர்த்தப்பட்டனர் என்பது குறிப்பிடத்தக்கது. அரம் தேய்த்த கோடுகள் காசு அடித்த பின்னரும் மறையாமல் நிற்பதுண்டு. பழக்கமில்லாதவர் அவற்றைப் பிற்காலத்தில் நேர்ந்த பழுது என எண்ணுவர். அறிந்தவர் அவற்றில் அத்தராசின் முன் அமர்ந்திருந்தோரின் கைவண்ணத்தைக் காண்பர்.

1797, 1798, 1799 ஆகிய ஆண்டுகளில் மஞ்சள் காய்ச்சல் பிலடெல்பியாவைத் தாக்கியது. நாணயச் சாலையை அவ்வப்போது மூட நேர்ந்தது. நல்ல எஃகு கிடைப்பதும் அரிதாக இருந்தமையால், ஓர் அச்சு உடையும் வரை அதனை விடுவதில்லை. ஆண்டு கடந்த அச்சினையும் பயன்படுத்தினர். 1795 எனப் பொறித்த சில அரைக் கழுகுகளின் பின்புறத்தில் பெருங்கழுகு காணப்படுகிறது. அப்பெருங்கழுகு வடிவம் பிற்பட்டது. ஆதலால் அக்காசுகள் சில ஆண்டுகள் கழித்தே அடிக்கப்பட்டிருத்தல் வேண்டும் என ஆய்ந்தோர் முடிவு செய்தனர். காசிலுள்ள ஆண்டும் காசு பிறந்த ஆண்டும் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்பதில்லை.

1807இல் காசின் வடிவத்தை மாற்றி அமைத்தவர் ஜான் ரீக். ஜெர்மனியிலிருந்து பிழைப்பு நாடி, உழைத்துக் கடனைக் கழிக்கும் ஒப்பந்தத்துடன் வந்து சேர்ந்தவர் அவர். ‘5 டி’ என்று மதிப்பைக் காட்டும் குறி பொற்காசில் முதன்முதலாக இடம்பெற்றதும் அவருடைய அரைக் கழுகில்தான். அதற்கு முன் பொற்காசுகளில் மதிப்பே எழுதப்படவில்லை. அளவையும் எடையையும் கண்டே மக்கள் அறிந்துகொண்டனர். பிறந்த மண்ணை விட்டு வந்தவர் ஒருவரின் கைவேலை, வந்த நாட்டின் முகமாகப் பொன்னில் நிலைபெற்றது. வெளியூர்களில் வாழும் நமக்கு இச்செய்தி ஓர் ஊக்கமன்றோ?

பொன்னை விழுங்கிய கணக்கு

இத்துணைப் பாடுபட்டு அடித்த காசுகள் எங்கே போயின? இவ்வினாவுக்கு விடை ஒரு சிறு கணக்கில் உள்ளது.

1792ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு பங்கு பொன்னுக்கு 15 பங்கு வெள்ளி என்று விலை வகுத்தது. சில ஆண்டுகளில் ஐரோப்பியச் சந்தையில் ஒரு பங்கு பொன்னுக்குப் பதினைந்தரைப் பங்கு வெள்ளி கிடைக்கலாயிற்று. வணிகர் ஒருவர் 15 அவுன்ஸ் வெள்ளிக்கு ஈடாக அமெரிக்காவில் ஓர் அவுன்ஸ் பொன் பெறுகிறார் எனக் கொள்வோம். அதனைக் கப்பலேற்றி ஐரோப்பாவில் விற்றால் பதினைந்தரை அவுன்ஸ் வெள்ளி கிடைக்கும். கப்பல் கூலி போக எஞ்சுவது இலாபம். ஆகவே அமெரிக்கப் பொற்காசுகள் அடித்தவுடனே நாட்டை விட்டு வெளியேறின. அங்கே உலையில் உருகின. அரசு தன் மக்களின் புழக்கத்துக்காக அடித்த காசு அயலாரின் பொற்கட்டியாக மாறியது. இதனால் 1804 இறுதியில் முழுக் கழுகு அடிப்பதையே நிறுத்தினர். 1838 வரை அது மீளவில்லை. அரைக் கழுகு மட்டும் தொடர்ந்தது. அதுவும் கடைத்தெருவைக் கண்டது சிறிதே. வங்கிப் பெட்டியிலிருந்து கப்பலுக்குச் சென்றதே மிகுதி.

1834 ஜூன் 28ஆம் நாள் புதிய சட்டம் வந்தது. அரைக் கழுகில் அதுவரை இருந்த தூய பொன் 8.02 கிராம், இனி 7.52 கிராம் என்று குறைத்தனர். இதனால் புதிய காசு நாட்டிலேயே தங்கியது. பழைய காசின் கதியோ முடிந்தது. பழைய 5 டாலர் காசில் புதிய கணக்குப்படி ஏறக்குறைய 5 டாலர் 33 சென்ட் பெறுமான பொன் இருந்தது. அதனை ஐந்து டாலருக்குச் செலவு செய்ய யார் முன்வருவர்? அதுவரை தப்பியிருந்தவையும் உருக்கப்பட்டன. புதிய காசை எளிதில் பிரித்தறிவதற்காக, ‘பலவற்றிலிருந்து ஒன்று’ எனப் பொருள்படும் இலத்தீன் தொடரை அதிலிருந்து நீக்கிவிட்டனர்.

இவ்வாறு அரிதாகிய காசுகளுள் தலையாயது 1822ஆம் ஆண்டு அரைக் கழுகு. அவ்வாண்டில் 17,796 அரைக் கழுகுகள் அடிக்கப்பட்டதாக நாணயச் சாலைக் கணக்கு கூறுகிறது. முந்தைய ஆண்டின் அச்சில் அடித்தவையும் அக்கணக்கில் சேர்ந்திருக்கலாம். எங்ஙனமாயினும், அவ்வாண்டு பொறித்த காசுகளுள் இன்று உலகம் அறிந்தவை மூன்றே மூன்று. அவற்றுள் இரண்டு வாஷிங்டன் நகரிலுள்ள ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் தேசிய நாணயத் தொகுப்பில் உள்ளன. தனியார் கையில் இருப்பது ஒன்றே. அது 1982இல் 6,87,500 டாலருக்கு விலை போயிற்று. 2021 மார்ச்சில் 84 லட்சம் டாலருக்கு ஏலம் போயிற்று. முகமதிப்பு ஐந்து டாலர்!

1815இல் 635 அரைக் கழுகுகள் மட்டுமே அடிக்கப்பட்டன; இன்று எஞ்சியவை ஒரு டஜன் அளவே. 1816 ஜனவரியில் நாணயச் சாலையின் உருளைக் கூடம் தீக்கிரையாயிற்று. 1818 வரை பொற்காசு மீண்டும் வரவில்லை. 1796இல் விண்மீன்களின்றி வெளிவந்த கால் கழுகுகள் 963. 1808இல் மட்டும் வெளிவந்த ரீக் வடிவக் கால் கழுகுகள் 2,710. இவையெல்லாம் சேகரிப்போர் மனப்பாடமாக வைத்திருக்கும் எண்கள்.

நாணயச் சாலைக்கும் முற்பட்ட பொற்காசு ஒன்றும் இங்குக் கூறத் தகும். 1787இல் நியூயார்க் நகரப் பொற்கொல்லர் எப்ரெய்ம் பிராஷர் தம் பட்டறையில் அடித்த ‘டப்ளூன்’ என்பது அது. தம் பெயரின் முதலெழுத்துகளைக் கழுகின் சிறகில் முத்திரையாகப் பதித்தார் அவர். ஒரே ஒரு காசில் மட்டும் அம்முத்திரை கழுகின் மார்பில் விழுந்துள்ளது. ஜார்ஜ் வாஷிங்டன் நியூயார்க்கில் குடியிருந்தபோது அவருக்கு அண்டை வீட்டார் இப்பொற்கொல்லர். இன்று எஞ்சியுள்ள ஏழு காசுகளுள் ஒன்று 2021 ஜனவரியில் 93 லட்சத்து 60 ஆயிரம் டாலருக்கு ஏலம் போயிற்று.

கிழக்கு நோக்கி வந்த கழுகு

நம் கண்டத்தோடு தொடர்புடைய வரலாறு ஒன்றும் உண்டு. 1834இல் அதிபர் ஆண்ட்ரூ ஜாக்சனின் அரசு, மஸ்கட் சுல்தானுக்கும் சயாம் மன்னருக்கும் காசுத் தொகுதிகளைப் பரிசாக அனுப்ப முடிவு செய்தது. தூதராக வந்தவர் எட்மண்ட் ராபர்ட்ஸ். தொகுதியில் எல்லா மதிப்புக் காசுகளும் இடம்பெற வேண்டும்; ஆனால் முழுக் கழுகும் வெள்ளி டாலரும் நெடுங்காலமாக அடிக்கப்படவில்லை. ஏடுகளின்படி அவை இறுதியாக வெளிவந்தது 1804இல். ஆகவே முப்பது ஆண்டு கழித்து, 1804 எனப் பொறித்த புதிய அச்சுகளில் அவற்றை அடித்தனர். உண்மையில் 1804இல் அடித்த கழுகில் ‘4’ என்னும் எண்ணின் குறுக்குக் கோட்டு முனையில் சிறு கட்டை உண்டு. பரிசுக்காக அடித்ததில் அஃதில்லை. அந்த ஒரு சிறு கோட்டில் முப்பது ஆண்டு வேற்றுமை அடங்கியுள்ளது.

ராபர்ட்ஸ் மஸ்கட்டிலும் சயாமிலும் பரிசுகளைச் சேர்ப்பித்து, மேலும் கிழக்கே செல்லும் வழியில் 1836இல் மக்காவில் நோயுற்று உயிர் நீத்தார். சயாம் மன்னரின் தொகுதி பல தலைமுறைக்குப் பின் 1962இல் வெளிப்பட்டது. அதுவரை 1804 எனப் பொறித்த வெள்ளி டாலரின் பிறப்பைப் பற்றி நிலவிய ஐயங்கள் பல அத்தொகுதியைக் கண்டபின் தெளிந்தன.

காத்தவர் யார்?

உலைக்குத் தப்பிய காசுகள் தாமாகத் தப்பவில்லை. காத்தவர் சிலர் உண்டு. பிலடெல்பியா நாணயச் சாலையில் நெடுங்காலம் பணியாற்றிய தலைமைக் காசு அடிப்பவர் ஆடம் எக்பெல்ட், நல்ல காசுகளையும் அயல்நாட்டுக் காசுகளையும் எடுத்து வைத்து வந்தார். அதனை அடிப்படையாகக் கொண்டு 1838இல் நாணயச் சாலைக் காட்சிக்கூடம் அமைந்தது. 1923இல் அத்தொகுப்பு ஸ்மித்சோனியனுக்குச் சென்றது. 1822ஆம் ஆண்டு அரைக் கழுகு ஒன்று இவ்வழியே பிழைத்தது. கோடீசுவரர் ஜோசையா லில்லி சேர்த்து வைத்த ஆறாயிரத்துக்கு மேற்பட்ட பொற்காசுகள் 1968இல் அதே நிறுவனத்தை அடைந்தபோது, இரண்டாவது காசும் அங்குச் சேர்ந்தது.

பால்டிமோர் நகர வங்கியாளர் லூயிஸ் எலியாஸ்பெர்க், அமெரிக்காவில் எந்தெந்த ஆண்டில் எந்தெந்த நாணயச் சாலையில் அடித்த காசு உண்டெனத் தெரிந்திருந்ததோ அவையனைத்தையும் 1950இல் ஒருங்கே சேர்த்து முடித்தார். 1982இல் விலை போன அரைக் கழுகு அவர் தொகுப்பினதே.

1933 ஏப்ரல் 5ஆம் நாள் அதிபர் ரூஸ்வெல்ட், மக்கள் தம்மிடமுள்ள பொற்காசுகளை ஒப்படைக்குமாறு ஆணையிட்டபோது மீண்டும் ஓர் உலைக்காலம் வந்தது. அவ்வாணையில் அரிய காசுகளுக்கு விலக்களிக்கும் தொடர் ஒன்று இடம்பெற்றிருந்தது. அச்சிறு தொடர் ஆதிக் காசுகளைக் காத்தது. அவ்வாண்டிலேயே அடித்த இரட்டைக் கழுகுகள் 4,45,500. அவை ஏறக்குறைய முழுவதும் உருக்கப்பட்டன. தப்பிச் சென்று, எகிப்து மன்னர் பாரூக்கின் தொகுப்பில் இருந்ததெனக் கருதப்படும் ஒன்று 2021இல் ஒரு கோடியே 88 லட்சம் டாலருக்கு மேல் விலை பெற்றது.

சேகரிப்போர் மூவகையினர். வடிவத்துக்கு ஒன்று வீதம் சேர்ப்போர் முதல் வகை. ஆண்டுக்கு ஒன்று வீதம் சேர்ப்போர் அடுத்த வகை. 1822 காரணமாக அரைக் கழுகில் இவர்கள் முயற்சி நிறைவுறுவது அரிது. அச்சுக்கு அச்சு வேற்றுமை தேர்ந்து சேர்ப்போர் மூன்றாம் வகை. காசின் நிலையை 1 முதல் 70 வரை புள்ளியிட்டு மதிப்பிடும் முறையை டாக்டர் வில்லியம் ஷெல்டன் 1949இல் செப்புக் காசுகளுக்காக வகுத்தார். பிற்பாடு அது எல்லாக் காசுகளுக்கும் பொதுவாயிற்று. 1986 முதல் தேர்ந்த நிறுவனங்கள் காசை ஆய்ந்து, புள்ளி குறித்து, பிளாஸ்டிக் பேழையில் அடைத்துத் தருகின்றன.

நம் குடியிருப்பில் நடந்தது

விலை மிகுந்த இடத்தில் போலியும் மிகும் என்பது உலக வழக்கு. நாகபுரியில் நம் ரயில்வே குடியிருப்பில் வாழும் மூத்த பிட்டர் ஒருவரிடம், வழிப்போக்கர் ஒருவர் ‘அமெரிக்கப் பழம் பொற்காசு’ ஒன்றைக் காட்டி அறுபதாயிரம் ரூபாய் கேட்டார். காசில் 1795 என்ற ஆண்டு தெளிவாக இருந்தது. மகளின் கல்லூரிக் கட்டணத்துக்காக வைத்திருந்த பணத்தைக் கொடுத்து வாங்கினால், பின்னர் பல மடங்காக விற்கலாம் என்பது அவர் எண்ணம். ஒருநாள் தவணை சொல்லிக் காசை வாங்கி வந்து நம்மிடம் காட்டினார்.

“தம்பி, நீங்கள் காசு நூல்கள் படிப்பவர். இது அசல்தானா என்று பார்த்துச் சொல்லுங்கள்” என்றார்.

“அண்ணா, பணம் கொடுத்துவிட்டீர்களா?” என்று கேட்டோம்.

“இல்லை தம்பி. நாளை காலை வருவதாகச் சொல்லியிருக்கிறார்.”

காசின் பின்புறத்தைக் கண்டதும் ஐயம் நீங்கியது. ‘கடவுளை நம்புகிறோம்’ என்னும் பொருள்படும் ஆங்கிலத் தொடர் அதில் இருந்தது. அத்தொடர் அமெரிக்கக் காசில் முதன்முதலாக ஏறியது 1864இல்; அதுவும் இரண்டு சென்ட் காசில். கழுகுக் காசில் 1866இல்தான் வந்தது. 1795இல் அஃது எவ்வாறு வரும்? மேலும் ‘பத்து டாலர்’ என்று மதிப்பும் பொறித்திருந்தது. அக்காலக் கழுகில் மதிப்பே இல்லை என முன்னரே கூறினோம். இத்வாரி கடைத்தெருவில் நிறுத்துப் பார்த்தபோது எடை 11 கிராம். இருக்க வேண்டியதோ பதினேழரை. நண்பர் மறுநாள் காசைத் திருப்பிக் கொடுத்தார். கல்லூரிக் கட்டணம் உரிய நாளில் கட்டப்பட்டது.

நேயர்கள் இத்தகைய சோதனைகளை நினைவில் கொள்ளுதல் நலம். முதலில் எடை, பின்னர் எழுத்து, பின்னர் அடர்த்தி. 22 காரட் பொன் தண்ணீரைக் காட்டிலும் சுமார் பதினேழரை மடங்கு கனமானது. பதினேழரை கிராம் கழுகை நூலில் கட்டி நீருக்குள் தொங்கவிட்டு நிறுத்தால் ஏறக்குறைய ஒரு கிராம் குறையும். அரைக் கழுகு அரை கிராம் குறையும். பித்தளையாயின் இதனைப் போல் இருமடங்குக்கு மேல் குறையும். ஆனால் இவையனைத்திலும் தேறிய காசும் அசல் என முடிவு கட்டலாகாது. பொன்னின் விலையைவிடக் காசின் விலை மிகுதியாதலால், நல்ல பொன்னிலேயே போலி வார்ப்போரும் உண்டு. இறுதித் தீர்ப்பு தேர்ந்தவர் கண்ணுக்கே உரியது. அவசரப்படுத்துவோரிடம் எப்பொருளும் வாங்காதிருத்தலே தலைசிறந்த சோதனை.

இல்லத்தார்க்குச் சில சொற்கள்

அமெரிக்கக் கழுகு நம் பெட்டிகளில் இராது. ஆனால் பாட்டியின் காசுமாலையில் கோத்த சவரனோ, பூசையறைச் சிமிழில் கிடக்கும் பழம் வராகனோ பல இல்லங்களில் இருக்கக்கூடும். அமெரிக்கச் சேகரிப்போர் கற்ற பாடங்கள் அவற்றுக்கும் பொருந்தும்.

பழங்காசைப் புளியிட்டோ எலுமிச்சை இட்டோ துலக்குதல் கூடாது. பித்தளைக் குத்துவிளக்குக்கு அழகு தருவது காசுக்குக் கேடாகும். தேய்த்த காசின் மேனியை மீட்க வழியில்லை. சேகரிப்போர் அதனை ஒரே பார்வையில் கண்டுகொள்வர். காசில் துளையிடுதலும், வளையம் பற்றவைத்தலும் அவ்வாறே. ஆதி அமெரிக்கப் பொற்காசுகள் பலவும் நகையாக மாட்டப்பட்டு, வளையத் தழும்போடு இன்று குறைந்த விலைக்கே போகின்றன. முன்னரே வளையம் இட்ட காசாயின் அதனைப் பிடுங்க முயல வேண்டா, உள்ளபடியே இருக்கட்டும்.

சட்டத்தையும் அறிந்திருத்தல் வேண்டும். நம் நாட்டின் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறாண்டு கடந்த காசு தொல்பொருளாகும். அதனைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப அனுமதியில்லை. அயல்நாட்டில் உள்ள மக்களிடம் கொடுத்தனுப்பி விற்கலாம் என எண்ணுவோர் இதனைக் கருதுக.

மணவீடுகளுக்காகப் பழம் பொன்னை அழித்துப் புதுநகை செய்வது நம் வழக்கம். அதனைக் குறைகூற நாம் யார்? பெண்ணுக்கு நகை வேண்டும். கையில் உள்ள பொன் அதற்கே உரியது. ஆயினும் காசாக இருப்பதை உலையில் இடுமுன் ஒரு நாழிகை பொறுங்கள். அதன் இருபுறத்தையும் நல்ல வெளிச்சத்தில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். எடையையும், அதிலுள்ள ஆண்டையும் எழுத்தையும் ஒரு குறிப்பேட்டில் எழுதுங்கள். அது யார் கொணர்ந்தது, எவ்வூரில் இருந்தபோது கிடைத்தது என்பதைப் பெரியவர்களிடம் கேட்டு அதனருகே எழுதுங்கள். அறிந்தவர் ஒருவரிடம் காட்டி, பொன்விலைக்கு மேல் அதற்கு மதிப்புண்டா என வினவுங்கள். இல்லையெனின் உருக்குவதில் இழப்பில்லை. உண்டெனின் அதனை விற்றாலே நகைக்கு மேலும் பொன் கிடைக்கும்.

1834இல் பழைய அரைக் கழுகை உலையில் இட்டவர்களுக்கு ஒரு காசுக்கு முப்பத்து மூன்று சென்ட் இலாபம் கிடைத்தது. அவர்கள் செய்தது அந்நாளைய கணக்கில் சரியே. எதை இழக்கிறோம் என்று அறிந்துகொள்ளும் வாய்ப்பு மட்டும் அவர்களுக்கு இருக்கவில்லை. நமக்கோ அவ்வாய்ப்பு உண்டு. அதற்குச் செலவு ஒரு தராசும், ஒரு குறிப்பேடும், வீட்டுப் பெரியவர்களோடு அமர்ந்து பேசும் ஒரு மாலைப் பொழுதுமே.